நாலு மாதத்தில் மறதி வந்த மோட்டார் போர்டு

கேள்வி: எங்கள் குடியிருப்பு மயிலாப்பூரில். ஏ, பி என்று இரண்டு பிளாக். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடியது என்று கணக்கு இருந்தால்தான் பொது மீட்டர் பில்லைப் பிரிக்கும்போது சண்டை வராது. அதற்காக ரிச்சி தெருவில் ‘புளூ பில்’ போர்டு இரண்டு வாங்கி, ரிலே, அல்ட்ராசோனிக் சென்சார், டிஸ்ப்ளே, கடிகார மாட்யூல் எல்லாம் சேர்த்து நானே செய்து மொட்டை மாடியில் பிளாக்குக்கு ஒன்றாகப் பொருத்தினேன். கரண்ட் போனாலும் கணக்கு போகக்கூடாது என்பதால், 5 நிமிஷத்துக்கு ஒருமுறை சிப்பின் ஃப்ளாஷ் மெமரியில் ஒரு பக்கத்தை அழித்து, புதிய எண்ணை எழுதி வைக்கிறேன். பட்டனை அழுத்தினால் அதைப் படித்துக் காட்டும்.

நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது ஏ பிளாக் போர்டில் கரண்ட் போய் வந்ததும் எப்போதாவது ஓடிய நிமிஷம் 4294967295 என்று வருகிறது. பூஜ்யமாக்கிவிட்டால் மறுபடி சில வாரம் சரியாக ஓடுகிறது. பி பிளாக்கில் வேறு கூத்து. மத்தியானம் பார்த்தால் கணக்கில் 131072 கூடியிருக்கிறது. காலையில் பார்த்தால் சரியாக இருக்கிறது. இரண்டிலும் முதல் நாளிலிருந்தே, அவ்வப்போது தண்ணீர் மட்டம் ஒரு கணம் பூஜ்யம் என்று காட்டும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போலி சிப்பை என் தலையில் கட்டிவிட்டார்களா?

— வாசகர், மயிலாப்பூர்

பதில்: சிப்பின் மேல் சந்தேகம் வேண்டாம். அந்த போர்டுகளில் ஒரு கம்பெனியின் பெயரோடு இன்னொரு கம்பெனியின் சிப் வருவது உண்டுதான். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று கோளாறுமே அசல் சிப்பிலும் இப்படியேதான் வரும். எண்களை அப்படியே குறித்து அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. ‘ஏதோ கன்னாபின்னாவென்று வருகிறது’ என்று எழுதியிருந்தால் நானும் ‘சிப்பை மாற்றிப் பாருங்கள்’ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

4294967295 கன்னாபின்னா எண் இல்லை. 32 பிட்டும் 1 ஆக இருந்தால் வரும் எண் அது. ஃப்ளாஷ் மெமரியில் எதுவும் எழுதாத, இப்போதுதான் அழித்த இடம் எப்போதும் 1 என்றுதான் படிக்கும். அழித்தால் பூஜ்யம் ஆகும் என்றுதான் நாம் இயல்பாக நினைப்போம், இங்கே நேர்மாறு. ஆக, ஏ பிளாக் போர்டு உங்களுக்குக் காட்டுவது வெற்றுப் பக்கத்தை. பக்கத்தை அழித்துவிட்டு, புதிய எண்ணை எழுதப் போவதற்குள் கரண்ட் போய்விட்டது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. சிப் உண்மையைத்தான் சொல்கிறது.

131072 என்பது 2-இன் 17-ஆவது அடுக்கு. ஒரே ஒரு பிட். பூஜ்யமாக இருக்க வேண்டிய அந்தப் பிட் சில நேரம் 1 என்று படிக்கிறது. மத்தியானம் தப்பு, காலையில் சரி என்றால் அந்த செல் எல்லைக்கோட்டில் நிற்கிறது. பெட்டி சூடானால் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆறினால் இந்தப் பக்கம். இதுதான் தேய்மானம். ஏ பிளாக்கில் இருப்பது நேரம் தவறிய கோளாறு, பி பிளாக்கில் இருப்பது ஆயுள் தீர்ந்த கோளாறு. இரண்டுக்கும் வேர் நீங்கள் எழுதிய அதே நாலைந்து வரி புரோகிராம்தான்.

கணக்கைப் பார்ப்போம். 5 நிமிஷத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 288 தடவை. புளூ பில் போர்டில் இருக்கும் உங்கள் எஸ்டிஎம்32எஃப்103 சிப்பின் டேட்டாஷீட், ஒரு பக்கத்தை அழித்து எழுதுவதற்குத் தரும் உத்தரவாதம் 10,000 தடவை. அது 35-ஆவது நாளே முடிந்துவிட்டது. நாலு மாதத்தில் சுமார் 34,500 தடவை அழித்திருக்கிறீர்கள். உத்தரவாதம் என்பது குறைந்தபட்சம், சாதாரணமாக அதைத் தாண்டியும் ஓடும். உங்களுக்கும் ஓடியிருக்கிறது.

ஏன் தேய்கிறது என்பதற்கு உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். ஃப்ளாஷின் ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டர். அதன் வழக்கமான கேட்டுக்குக் கீழே, நாலு பக்கமும் ஆக்சைடு சூழ, எதனோடும் இணைக்கப்படாத இன்னொரு கேட் மிதக்கிறது. 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் ஸீயும் முன்வைத்த அமைப்பு இது. அந்த மிதக்கும் கேட்டில் எலக்ட்ரான்களை ஏற்றிவிட்டால் அவை வெளியேற வழியில்லாமல் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எலக்ட்ரான் இருந்தால் டிரான்சிஸ்டர் திறக்காது, அது 0. இல்லையென்றால் திறக்கும், அது 1. கரண்ட் இல்லாமலே நினைவு நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மாதிரி வேலை அல்ல. உங்களுடையது போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களின் ஃப்ளாஷில் ஏற்றுவதற்கான பொதுவான வழி, டிரான்சிஸ்டரில் வேகமாக ஓடும் எலக்ட்ரான்களில் சூடேறிய சிலவற்றை ஆக்சைடைத் தாண்டிக் குதிக்க வைப்பது. உங்கள் சிப்பில் 16 பிட் எழுத வழக்கமாக 52.5 மைக்ரோ செகண்ட்தான் ஆகும். இறக்கும்போது அந்த ஆக்சைடின் குறுக்கே பெரிய வோல்டேஜ் கொடுத்து, குவாண்டம் இயற்பியலின் தயவில் எலக்ட்ரான்களை அதன் ஊடாகக் கசிய வைக்க வேண்டும். மெதுவான வேலை. ஒரு பக்கத்துக்கு 20 முதல் 40 மில்லி செகண்ட். எழுதுவதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. சிப்புக்கு வருவது 3.3 வோல்ட்தான், தேவையான உயர் வோல்டேஜை உள்ளேயே இருக்கும் சார்ஜ் பம்ப் உயர்த்திக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் ஒவ்வொரு முறை போய் வரும்போதும் ஆக்சைடில் கொஞ்சம் சேதம், அங்கங்கே சில எலக்ட்ரான்கள் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். பல்லாயிரம் முறைக்குப் பிறகு 0-க்கும் 1-க்கும் நடுவிலிருந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. உங்கள் எண்ணில் மேல் பிட்டுகள் என்றைக்கும் 0 என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் எலக்ட்ரான் இறங்கி, ஏறி, இறங்கி, ஏறிய செல்கள் அவை. 17-ஆவது பிட் முதலில் தளர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

ஒரு பைட்டை மட்டும் அழிக்க முடியாதா என்று கேட்பீர்கள். இது சிக்கனத்தின் விலை. ஒவ்வொரு பைட்டையும் தனியாக அழிக்க வேண்டுமென்றால் செல்லுக்கு இரண்டு டிரான்சிஸ்டர் வேண்டும். ஈஈபிராம் என்ற நினைவகம் அப்படித்தான், அதனால் இடம் அதிகம் பிடிக்கும், விலை கூடும். 1971-இல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த ஈபிராமில் செல்லுக்கு ஒரு டிரான்சிஸ்டர்தான். ஆனால் அழிக்க அதைக் கழற்றி, தலையில் இருக்கும் குவார்ட்ஸ் ஜன்னல் வழியாகப் புற ஊதா விளக்கில் இருபது நிமிஷம் காய வைக்க வேண்டும். எண்பது, தொண்ணூறுகளில் நம் இன்ஜினியரிங் கல்லூரி லேபில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெட்டியும், வெளிச்சம் படாமல் ஜன்னல் மேல் ஒட்டிய ஸ்டிக்கரும் நினைவிருக்கும். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை முன்வைத்தார். செல்லுக்கு ஒரு டிரான்சிஸ்டர், அழிப்பதும் மின்சாரத்தில், ஆனால் மொத்தமாக ஒரு தொகுதியை. உங்கள் சிப்பில் அந்தத் தொகுதியின் பெயர் பக்கம், அளவு 1,024 பைட். நீங்கள் 4 பைட்டை மாற்றுவதற்காக ஒவ்வொரு முறையும் 1,024 பைட்டை அழித்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாவது கோளாறுக்கு வருகிறேன், நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு. இந்த சிப்பில் ஃப்ளாஷ் ஒரே தொகுப்பு. உங்கள் புரோகிராமும் அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அழிந்துகொண்டிருக்கும்போது அடுத்த கட்டளையை அங்கிருந்து படிக்க முடியாது, ப்ராசஸர் அப்படியே நிற்கும். 20 முதல் 40 மில்லி செகண்ட் முழுக்க. தொட்டியின் மேலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஒலி போய்த் திரும்ப 9 மில்லி செகண்ட் போல ஆகும். அந்த எதிரொலி வரும் நேரத்தில் உங்கள் சிப் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் மட்டம் பூஜ்யம்தான். டைமர் இன்டரப்டுக்குள் வைத்து அழிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் அளவெடுப்பின் நடுவில் போய் இடிப்பது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். ஒரு கணப் பூஜ்யத்தை நம்பி ரிலே மோட்டாரைப் போடாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம், அல்லது அதற்கு ஏதோ தாமதம் வைத்திருக்கிறீர்கள். எதிரொலியை புரோகிராமில் காத்திருந்து அளக்காமல் டைமரின் கேப்சர் வசதியில் விட்டுவிடுங்கள். ப்ராசஸர் நின்றாலும் அந்த ஹார்ட்வேர் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

இனி வைத்தியம். மளிகைக் கடை அக்கவுண்ட் நோட்டில் கடைக்காரர் பழைய பாக்கியை ரப்பர் வைத்து அழிப்பதில்லை. அடுத்த வரியில் புதுப் பாக்கியை எழுதுகிறார், கடைசி வரிதான் நிலவரம். ஃப்ளாஷிலும் அதையே செய்யுங்கள். ஒரு பதிவுக்கு 8 பைட் என்று வைத்துக்கொள்ளலாம்: ஓடிய நிமிஷம் 4 பைட், எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது 2 பைட், பதிவைச் சரிபார்ப்பதற்கான செக்சம் 2 பைட். ஒரு பக்கத்தில் இப்படி 128 பதிவுக்கு இடம் உண்டு. முதல் இடத்தைப் பக்கத்தின் நிலையைக் குறிக்க ஒதுக்கினால் 127. அழிக்காமல் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போகலாம்.

இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இதில்தான் ஏ பிளாக்கின் வியாதிக்கு மருந்து இருக்கிறது. முதல் பக்கம் நிரம்பும்போது இரண்டாவது பக்கம் ஏற்கெனவே அழிக்கப்பட்டுத் தயாராக இருக்க வேண்டும். அடுத்த பதிவை அங்கே எழுதுங்கள், எழுதியதைத் திருப்பிப் படித்துச் சரிபாருங்கள், அதற்குப் பிறகே முதல் பக்கத்தை அழியுங்கள். எந்த நொடியில் கரண்ட் போனாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு நல்ல பதிவு இருந்தே தீரும். போர்டு உயிர் பெறும்போது இரண்டு பக்கத்தையும் படித்து, செக்சம் பொருந்தும் கடைசிப் பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். செக்சத்தை எப்போதும் கடைசியாக எழுதுங்கள். பாதி எழுதி நின்ற பதிவு அப்போது தானே தள்ளுபடி ஆகிவிடும்.

ஆயுள் எவ்வளவு கூடும்? இரண்டு பக்கத்திலும் சேர்த்து 254 பதிவுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு பக்கமும் அழியும். உத்தரவாதமான 10,000 அழிப்பிலேயே 25 லட்சத்துக்கு மேல் பதிவுகள். இப்போது போலவே 5 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதினாலும் 24 வருஷம். கட்டடத்துக்கே அதற்குள் மராமத்து வந்துவிடும். உண்மையில் 5 நிமிஷமே தேவையில்லை. மோட்டார் நின்றவுடன் ஒரு பதிவு, கரண்ட் போகும்போது ஒரு பதிவு, போதும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் எழுதாதீர்கள். லைனில் வோல்டேஜ் இறங்கும் நேரம் அது.

கரண்ட் போகும்போது எப்படி எழுதுவது? எழுதுவதற்கும் அழிப்பதற்கும் உள்ள வேக வித்தியாசம் இங்கே நமக்கு உதவுகிறது. முன்பே அழித்து வைத்த இடத்தில் 8 பைட் எழுத, 16 பிட்டாக நாலு தடவை, அதிகபட்சம் 280 மைக்ரோ செகண்ட். அடாப்டரிலிருந்து வரும் 5 வோல்ட் லைனில் ஒரு டயோடு, அதற்குப் பின்னால் 1,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர். டயோடுக்கு முன்னாலிருந்து ஒரு கம்பி சிப்பின் பின்னுக்கு, இரண்டு ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜைப் பாதியாக்கி. அந்தப் பின் இறங்கினால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். போர்டு 30 மில்லி ஆம்பியர் எடுத்தால், கண்டென்சரில் 1.5 வோல்ட் இறங்குவதற்கு 50 மில்லி செகண்ட் ஆகும். எழுதுவதற்கு இது தாராளம். ஆனால் அழித்துவிட்டு எழுதுவது என்றால் 40 மில்லி செகண்ட் அதிலேயே போய்விடும், மிச்சத்தை நம்ப முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அழிப்பை மோட்டார் ஓடாத, அவசரமில்லாத நேரத்தில் முடித்து வையுங்கள். அவசரத்தில் எழுத மட்டும் செய்யுங்கள். கரண்ட் போனது தெரிந்ததும் முதல் வேலை ரிலேயை விடுவிப்பது. அதன் காயில் போர்டைவிட அதிகம் குடிக்கும், உங்கள் 50 மில்லி செகண்டைத் தின்றுவிடும்.

சில நுணுக்கங்கள், வரிசையில்லாமல். அழிக்கும்போது பாதியில் கரண்ட் போன பக்கம், படித்துப் பார்த்தால் வெறுமையாகத் தெரியலாம். ஆனால் செல்கள் அரைகுறையாக இருக்கும், எழுதியது நிற்காது. ஆகவே அழித்து முடித்த பிறகு பக்கத்தின் தலையில் ‘முடிந்தது’ என்று ஒரு குறி எழுதுங்கள். குறி இல்லாத வெற்றுப் பக்கத்தை மறுபடி அழித்துவிட்டே பயன்படுத்துங்கள். இந்த சிப்பில் வெறுமையாக இல்லாத இடத்தில் எழுதப் போனால் மறுத்துவிடும், பிழைக் கொடி ஏறும். ஒரே விதிவிலக்கு, முழுக்கப் பூஜ்யத்தை எழுதுவது. பில் மாதம் முடிந்ததும் பழைய பதிவை ‘ரத்து’ என்று குறிக்க இது கைகொடுக்கும். ஃப்ளாஷைத் திறக்க இரண்டு சாவி எண்களை வரிசையாகத் தருகிறீர்கள் அல்லவா, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி புரோகிராம்கள் பலவற்றில் ஆரம்பத்தில் திறந்ததோடு சரி. இடி மின்னல் நேரத்தில் புரோகிராம் தடம் புரண்டு தன்னையே அழித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. அழிக்கும், எழுதும் நேரத்தில் சிப்பின் உள் ஆசிலேட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை நிறுத்திவிடாதீர்கள். லிங்க்கர் ஃபைலில் கடைசி இரண்டு பக்கத்தையும் புரோகிராமுக்குக் கிடைக்காமல் ஒதுக்கிவிடுங்கள். அடுத்த முறை புது புரோகிராம் ஏற்றும்போது ‘முழு சிப்பையும் அழி’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கும் சேர்ந்து போகும்.

மொட்டை மாடிப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,000 முறை அழித்த பக்கம் 85 டிகிரியிலும் 30 வருஷம் நினைவு வைத்திருக்கும் என்கிறது டேட்டாஷீட். 10,000 முறை அழித்த பக்கத்துக்கு 55 டிகிரியில் 20 வருஷம். தேய்ந்த செல் சூட்டைத் தாங்காது என்பதை அந்த இரண்டு வரியே சொல்கிறது. கத்திரி வெயிலில், மூடிய தகரப் பெட்டிக்குள், பக்கத்தில் அடாப்டரும் சுடும்போது 55 டிகிரி அரிதல்ல. மாடிப்படி உள்சுவருக்கு மாற்றுங்கள்.

இத்தனையும் செய்யப் பொறுமை இல்லையென்றால் குறுக்குவழி உங்கள் கையிலேயே இருக்கிறது. கடிகார மாட்யூல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ரிச்சி தெருவில் அதிகம் விற்கும் டிஎஸ்3231 மாட்யூலாக இருந்தால், அதே பலகையில் கடிகாரச் சிப்புக்குப் பக்கத்தில் எட்டுக் காலோடு ஒரு 24சி32 ஈஈபிராம் சும்மா உட்கார்ந்திருக்கும். 4 கிலோபைட், 10 லட்சம் முறை எழுதலாம். 5 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினாலும் ஒன்பது வருஷம் தாண்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள், அதை விட்டுவிட்டுப் புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷைத் தேய்ப்பானேன்? பேட்டரியும் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. சிப்பின் விபேட் பின்னுக்கு 3 வோல்ட் காயின் செல் கொடுத்தால், உள்ளே 20 பைட் அளவுக்கு பேக்கப் ரிஜிஸ்டர்கள் கரண்ட் இல்லாமலும் நிற்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். என் ஓட்டு ஈஈபிராமுக்கு. காயின் செல்லை மாற்ற வேண்டும் என்பது அசோசியேஷனில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

பி பிளாக் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். தேய்ந்தது ஒரு பக்கம்தான். 64 கிலோபைட்டில் அப்படி 64 பக்கங்கள். அந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: தி.நகரில் எலக்ட்ரானிக்ஸ் போர்டு சர்வீஸ் செய்கிறேன். கெட்டுப்போன ஒரு கன்ட்ரோல் போர்டிலிருந்து புரோகிராமை எடுத்துப் புது சிப்பில் ஏற்றலாம் என்று பார்த்தால், ‘ரீட் ப்ரொடெக்ட்’ என்று வருகிறது. பூட்டை எடுத்துவிடவா என்று சாஃப்ட்வேரே கேட்கிறது. ‘ஆம்’ கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பூட்டு திறக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. படிக்கத் தடை போட்ட சிப்பில் அந்தத் தடையை நீக்கச் சொன்னால், சிப் முதலில் ஃப்ளாஷ் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் நீக்கும். வடிவமைப்பே அப்படி. புரோகிராம் அதைச் செய்த கம்பெனியின் சொத்து என்பதால் போட்ட பூட்டு அது. எழுதிக் கேட்டால் சில கம்பெனிகள் சர்வீஸ்காரர்களுக்கு ஏற்றப்பட்ட சிப்பையோ போர்டையோ தருவது உண்டு.

போர்டு கெட்டதற்குக் காரணம் ரெகுலேட்டர், ரிலே, கண்டென்சர் எதுவாகவும் இருக்கலாம். சிப் உங்களோடு பேசி ‘பூட்டியிருக்கிறது’ என்று சொல்கிறது என்றால் சிப் உயிரோடுதான் இருக்கிறது. அதைக் கழற்றாமல் மற்றதைப் பாருங்கள்.

அழிக்கவே முடியாத பூட்டு பற்றியும் பலர் கேட்கிறார்கள், காரணம் வாக்குப்பதிவு இயந்திரம். அதில் புரோகிராம் ஒரே ஒருமுறை எரிக்கப்படுவது, பிறகு மாற்ற முடியாது என்பது தேர்தல் ஆணையத்தின் நிலை. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தோற்ற வேட்பாளர்களில் இரண்டாம், மூன்றாம் இடத்தில் வந்தவர்கள் எழுதிக் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களில் அந்த எரிக்கப்பட்ட நினைவகத்தையும் மைக்ரோகன்ட்ரோலரையும் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்று சொன்னது. புரோகிராம் வேறு, பதிவாகும் ஓட்டு வேறு என்பதை மறக்கக்கூடாது. ஓட்டு எண்ணிக்கை ஒவ்வொரு தேர்தலுக்கும் அழிக்கப்பட்டு மறுபடி எழுதப்பட்டாக வேண்டும். அந்த நினைவகத்துக்கு ஒருமுறை எரிக்கும் பூட்டுப் போட வழியே இல்லை, அதைக் காப்பது சீலும் காவலும்தான்.

கேள்வி: அடையாறில் இருந்து ஒரு கல்லூரி மாணவி. ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸரை எஃப்பிஜிஏ போர்டில் ஓட்டிப் பழகுகிறேன். இதில் ஃப்ளாஷ் சிப்புக்கு உள்ளே இல்லாமல் வெளியே தனிச் சிப்பாக இருக்கிறதே, ஏன்? அழிப்பது, எழுதுவது எல்லாம் அங்கேயும் அதே விதிதானா?

பதில்: விதி அதேதான், முறை மட்டும் வேறு. வெளியே இருப்பதற்குக் காரணம் உற்பத்தி. மிதக்கும் கேட் செய்ய சிலிக்கானில் கூடுதல் அடுக்கும், உயர் வோல்டேஜ் தாங்கும் டிரான்சிஸ்டர்களும் வேண்டும். வெறும் லாஜிக் சிப் செய்யும் வரிசையில் இவை கிடையாது, சேர்த்தால் மாஸ்க் எண்ணிக்கையும் செலவும் ஏறும். டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க, அந்த ஆக்சைடை அதே அளவுக்குச் சிறுக்க வைக்க முடியாது. எலக்ட்ரான் தானாகக் கசிந்துவிடும். அதனால் வெளியே தனி ஃப்ளாஷ் வைத்துக்கொள்வது சக்திக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. ராஸ்பெர்ரி பை பிகோவிலும் அப்படித்தான்.

நீங்கள் எஃப்பிஜிஏவில் ஓட்டும் சக்தி தனிச் சில்லாகவும் வந்திருக்கிறது. 2014-இல் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி தலைமையில் தொடங்கிய சக்தி திட்டத்தின் சில்லுகள் இன்டெல்லின் 22 நானோமீட்டரிலும், சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டரிலும் வார்க்கப்பட்டவை. 2020-இல் வந்த மௌஷிக் சில்லு சண்டிகரில் வார்க்கப்பட்டு, ஐஐடி வளாகத்தில் முதன்முதலில் உயிர் பெற்றது. 2025-இல் இஸ்ரோவோடு சேர்ந்து அறிவித்த ஐரிஸ் சில்லும் சண்டிகர் வார்ப்புதான், போர்டில் பொருத்தியது சென்னையில்.

உங்கள் போர்டில் இருப்பது சீரியல் நார் ஃப்ளாஷ். ப்ராசஸருக்குள் இருக்கும் ஃப்ளாஷுக்கு ரிஜிஸ்டரில் பிட் வைத்தால் போதும். இங்கே நாலைந்து கம்பி வழியாகக் கட்டளை அனுப்ப வேண்டும். இந்த வகையில் பரவலான டபிள்யூ25க்யூ32 சிப்பை எடுத்துக்கொண்டால், அழிக்கும் மிகச் சிறிய அளவு 4 கிலோபைட், எழுதுவது ஒரு தடவைக்கு 256 பைட் வரை, ஆயுள் 1 லட்சம் முறை. அழிக்க வழக்கமாக 45 மில்லி செகண்ட், மோசமான நிலையில் 400. வகுப்பில் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ஒவ்வொரு அழிப்புக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ‘எழுத அனுமதி’ கட்டளையைத் தனியாக அனுப்ப வேண்டும், ஒருமுறை கொடுத்தது அந்த ஒரு வேலையோடு தீர்ந்துவிடும். நிலை ரிஜிஸ்டரில் ‘வேலையாக இருக்கிறேன்’ பிட் இறங்கும்வரை காத்திருக்காமல் அடுத்த கட்டளையை அனுப்பினால் சிப் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். 256 பைட் எல்லையைத் தாண்டி எழுதினால் மிச்சம் அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தின் தொடக்கத்துக்குச் சுற்றிவந்து அங்கே இருப்பதைக் கெடுக்கும். மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. பழையதன் மேல் புதியது விழும்போது 1-கள் 0 ஆகும், 0-கள் அப்படியே நிற்கும், இரண்டும் கலந்த ஒரு மூன்றாவது எண் கிடைக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எழுத வேண்டியதையும் ஏற்கெனவே இருந்ததையும் பிட் பிட்டாக ‘அன்ட்’ செய்து பாருங்கள். விடை பொருந்தினால் எங்கே தாண்டினீர்கள் என்று முகவரியைத் தேடத் தொடங்கலாம்.